ஒரு நாணயம், நூறு ரொட்டி

1914-ல் ஜெர்மனியில் ஒருவர் 20 மார்க் (மார்க் என்பது அன்றைய ஜெர்மன் பணம்) தங்க நாணயம் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தார், இன்னொரு 20 மார்க்கைச் சேமிப்பு வங்கியில் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். நாணயத்தின் எடை 7.965 கிராம். நம் ஊர் பவுனுக்கு ஒரு குன்றிமணிகூடக் குறையாது.

1923 நவம்பரில் பெர்லினில் ஒரு ரொட்டி சுமார் 20,000 கோடி மார்க். வங்கியில் கிடந்த 20 மார்க்குக்கு ஒரு துணுக்குகூடக் கிடைக்காது. பெட்டியில் கிடந்த நாணயமோ 20 லட்சம் கோடி மார்க் பெறும், அதாவது கிட்டத்தட்ட 100 ரொட்டி.

தங்கம் குட்டி போடவில்லை, இருந்த இடத்தில்தான் இருந்தது. விழுந்தது மார்க்தான்: 1914-ல் ஒரு டாலருக்கு 4.2 மார்க், 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். 1914-ல் முதல் உலகப்போர் தொடங்கியதுமே, நோட்டைக் கொடுத்துத் தங்கம் வாங்கும் உரிமையை அரசு நிறுத்திவிட்டது. அப்புறம் போர்ச் செலவு, தோற்றபின் வென்ற நாடுகளுக்கு இழப்பீடு. 1923-ல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்குள் நுழைந்தபோது அங்கே வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குச் சம்பளம். எல்லாவற்றுக்கும் நோட்டு அச்சடித்தார்கள். கையிலிருக்கும் நோட்டு நாளைக்குச் செல்லாது என்று பயந்தவர்கள் அதை உடனே பொருளாக மாற்ற ஓடினார்கள். அந்த ஓட்டமே விலையை மேலும் ஏற்றியது. அந்த அக்டோபரில் விலைவாசி நான்கு நாளுக்குள் ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டிருந்தது. நாட்டை நம்பிப் போர்க்கடன் பத்திரம் வாங்கியவர்களை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. வாழ்நாள் சேமிப்பு ஒரு ரொட்டிக்குக் காணவில்லை.

தங்கத்தை அப்படி அச்சடிக்க முடியாது. மனிதர்கள் இதுவரை தோண்டியெடுத்தது 2 லட்சம் டன்னுக்குச் சற்று மேல். துருப்பிடிக்காத உலோகம் என்பதால் அதில் பெரும்பகுதி இன்றும் வளையலாகவோ கட்டியாகவோ எங்கோ இருக்கிறது. சுரங்கங்கள் ஆண்டுதோறும் சேர்ப்பது அதில் 2 சதவீதத்துக்கும் குறைவு.

சரி, எல்லா விலையேற்றத்துக்கும் இது மருந்தா? இல்லை. 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் தங்கம் 850 டாலரைத் தொட்டது. 1999-ல் 250 டாலர் அருகே கிடந்தது. அதற்குள் அமெரிக்காவில் விலைவாசி இரண்டு மடங்காகியிருந்தது. நோட்டின் மதிப்பே நொறுங்கும்போதுதான் தங்கம் உண்மையில் கைகொடுக்கும், அதுவும் அரசு விட்டுவைத்தால். 1933-ல் தங்கத்தை ஒப்படைக்கும்படி அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மக்களுக்கு உத்தரவிட்டார். அவுன்சுக்கு 20.67 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்ட அரசு, 1934 ஜனவரியில் அதன் விலையை 35 டாலர் என்று அறிவித்தது.