நேர்மாறாக்கம்: ஈர்ப்பை அளந்து நிலத்தடியைக் கணிப்பதற்கு ஒரு சொல்

நிலத்தின் மேல் பல இடங்களில் புவியீர்ப்பை அளந்து, அந்த எண்களிலிருந்து அடியில் எங்கே கனமான பாறை இருக்கிறது, எங்கே லேசான பாறை இருக்கிறது, அது எவ்வளவு ஆழத்தில் என்று கணித்தெடுக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘கிராவிட்டி இன்வெர்ஷன்’ என்று பெயர். தமிழில் இதை ‘ஈர்ப்புத் தரவு நேர்மாறாக்கம்’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை.

‘கிராவிட்டி’யின் வேர் லத்தீன் மொழியின் ‘கிராவிஸ்’. கனமான என்று பொருள். நம்முடைய ‘ஈர்ப்பு’ ஈர்த்தல், அதாவது இழுத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. இந்த வேலையில் கருவி அளப்பது இழுப்பைத்தான் என்பதால் தமிழ்ச் சொல்லே பொருளுக்கு நெருக்கமாக இருக்கிறது. ‘இன்வெர்ஷன்’ என்பதும் லத்தீன்தான். திருப்பு என்று பொருள்படும் ‘வெர்தெரே’ அதன் வேர். கரண்ட் போனால் வீட்டில் கைகொடுக்கும் இன்வெர்ட்டருக்கும் அதே வேர்.

திருப்பு என்றதும் ‘தலைகீழாக்கம்’ என்ற சொல் மனதில் வரும். அது இங்கே வேண்டாம். குளிர்ந்த காற்றுக்கு மேல் வெப்பக் காற்று படிந்திருப்பதை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்கிறோம். அங்கே வழக்கமான வரிசை உண்மையிலேயே கவிழ்கிறது. இங்கே எந்தப் பாறை அடுக்கும் கவிழவில்லை, கணக்கின் திசை மட்டும் மாறுகிறது. பாறையின் வடிவமும் அடர்த்தியும் தெரிந்தால், அது மேலே எவ்வளவு இழுக்கும் என்று நியூட்டனின் விதியால் கணிக்கலாம். இது நேர்க் கணக்கு. இழுப்பு தெரிந்து பாறையைத் தேடுவது நேர்மாறுக் கணக்கு. நேர்மாறு அணி (இன்வர்ஸ் மேட்ரிக்ஸ்), நேர்மாறுச் சார்பு என்று பள்ளிக் கணிதத்திலேயே இந்தச் சொல் பழகியிருப்பதால் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

அளக்கப்படும் வேறுபாடுகள் மிகமிகச் சிறியவை. அலகு மில்லிகேல், கலிலியோவின் பெயரால் வந்த ‘கேல்’ என்ற அலகில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பூமியின் ஈர்ப்பு மொத்தம் சுமார் 9,80,000 மில்லிகேல். அடியில் உள்ள பாறைகளால் வரும் மாற்றமோ பெரும்பாலும் சில மில்லிகேல் முதல் சில நூறு வரைதான். ஈர்ப்புமானியை 3 மீட்டர் உயர்த்தினாலே கிட்டத்தட்ட 1 மில்லிகேல் குறைந்துவிடும். ஆகவே உயரம், அட்சரேகை, சுற்றியுள்ள மலை பள்ளம் எல்லாவற்றின் பங்கையும் முதலில் கழிக்க வேண்டும். கழித்த பிறகு மிஞ்சுவதுதான் ஈர்ப்புப் பிறழ்வு. நேர்மாறாக்கம் அதிலிருந்து தொடங்குகிறது.

கணினி வருவதற்கு ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே இந்தியாவில் எடுத்த அளவுகளை வைத்து இந்த மாதிரி ஒரு கணக்கு நடந்திருக்கிறது. சென்னைப் பரங்கிமலைப் பக்கம் 1802இல் தொடங்கிய பெரும் முக்கோண நில அளவை வடக்கே போனபோது, மத்திய இந்தியாவின் கல்யாண்பூர், அதற்கு வடக்கே இமயத்தை நோக்கிய கல்யாணா என்ற இரு இடங்களுக்கு இடையிலான அட்சரேகை வேறுபாட்டில் ஒரு சிக்கல் வந்தது. முக்கோண அளவையில் கிடைத்த விடையும் விண்மீன்களைப் பார்த்துக் கிடைத்த விடையும் 5.236 விகலை வேறுபட்டன (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு). தரையில் அது சுமார் 160 மீட்டர். விண்மீன்களைப் பார்த்து அட்சரேகையைக் கணிக்க, எது நேர் செங்குத்து என்பதைத் தூக்குநூல் குண்டுதான் காட்ட வேண்டும்; இமயமலை அந்தக் குண்டைத் தன் பக்கம் இழுப்பதுதான் காரணம் என்று கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த ஜான் ஹென்றி பிராட் கணக்குப் போட்டார். ஆனால் அவருக்குக் கிடைத்த விடை 15.885 விகலை. இவ்வளவு பெரிய மலை இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருந்தது.

அப்படியானால் மலைக்கு அடியில் ஏதோ குறைகிறது. 1855இல் பிரிட்டனின் அரச வானியலாளர் ஜார்ஜ் எய்ரி, மலைகளுக்கு லேசான பாறையாலான ஆழமான வேர் இருக்கிறது என்றார். பிராட் பிறகு சொன்ன விளக்கம் வேறு: வேர் எதுவும் இல்லை, மலை நிற்கும் இடத்துப் பாறையே அடர்த்தி குறைந்தது. இரண்டுமே அதே அளவுகளோடு பொருந்தின! பின்னாளில், திபெத்துக்கு அடியில் மேலோடு, அதாவது பூமியின் வெளிப்புறப் பாறை அடுக்கு, சுமார் 70 கி.மீ. தடிமன் என்று நிலநடுக்க அலைகள் காட்டின. சாதாரணக் கண்ட மேலோட்டைப் போல இது ஏறக்குறைய இரு மடங்கு. இமயத்தைப் பொறுத்தவரை எய்ரியின் பக்கமே உண்மை கூடுதலாக இருந்தது.

‘நேர்மாறு’ என்ற சொல்லை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான். ஓர் அணிக்கு நேர்மாறு இருந்தால் அது ஒன்றே ஒன்றுதான். ஈர்ப்பில் அப்படி இல்லை. 500 மீட்டர் ஆழத்தில் மையம் கொண்ட ஒரு கோளம். ஆரம் 100 மீட்டர், சுற்றுப்பாறையைவிட அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.8 கிராம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அதே மையத்தில் 200 மீட்டர் ஆரமும் 0.1 கிராம் மிகுதியும் உள்ள வேறொரு கோளத்தை வைத்தால் மிகை நிறை அதேதான். மேலே நிற்பவருக்கு இரண்டும் ஒரே இழுப்பு, உச்சியில் சுமார் 0.09 மில்லிகேல். எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் ஈர்ப்பை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. கருவியின் குறை இல்லை இது, ஈர்ப்பு விதியின் இயல்பே இப்படி.

அதனால் நேர்மாறாக்கத்துக்கு வெளியிலிருந்து தகவல் வேண்டும்: துளையிட்டு எடுத்த பாறையின் அடர்த்தி, நில அதிர்வு அளவைகள், அப்புறம் அடர்த்தி திடீர் திடீரென்று தாவக் கூடாது என்பது போன்ற கணித நிபந்தனைகள். ஆழத்துக்கு ஏற்ற எடையிடலும் தேவை, அதாவது ஆழத்தில் உள்ள பாறைக்குக் கணக்கில் கூடுதல் மதிப்பு கொடுக்க வேண்டும். தூரம் கூடக் கூட இழுப்பு வேகமாகக் குறைவதால், அது இல்லாவிட்டால் கணினி எல்லா நிறையையும் தரையை ஒட்டியே கொண்டுபோய் வைத்துவிடும்.

காவிரிப் படுகையை நினைத்துப் பாருங்கள். வயல்வெளி முழுக்கச் சமதளம். அடியிலோ பழைய கடினப் பாறை முகடுகளாகவும் பள்ளங்களாகவும் உடைந்து கிடக்கிறது, பள்ளங்களில் லேசான படிவுகள் நிரம்பியிருக்கின்றன. முகட்டின் மேல் ஈர்ப்பு கூடும், படிவு தடித்த இடத்தில் குறையும். அந்தப் படிவுகளின் அடர்த்தி தெரியாமல் பள்ளத்தின் ஆழத்தைச் சொல்ல முடியாது.

பயன்பாட்டில் வினையாக ‘நேர்மாறாக்கு’ என்றும், கிடைக்கும் விடையை ‘அடர்த்தி மாதிரி’ என்றும் எழுதலாம். ‘ஈர்ப்புத் தரவை நேர்மாறாக்கியதில் கிடைத்த அடர்த்தி மாதிரிகளுள் ஒன்று’ என்று எழுதினால் பொருள் சரியாக வரும். ‘நிலத்தடிப் படம்’ என்று மட்டும் எழுதினால் புகைப்படம் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார்.