எத்தனை டிகிரி என்று மட்டும் கேட்காதீர்கள்

முதுகு வளைவதைப் பல வீடுகளில் முதலில் கவனிப்பவர் தையல்காரர்தான். சுடிதாருக்கு அளவு எடுக்கும்போது, "பாப்பாவுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கே அக்கா" என்பார். இல்லையென்றால், எண்ணெய் தேய்த்துவிடும் அம்மாவின் கையில் ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு தட்டுப்படும்.

பிசியோதெரபிக்காக என்னிடம் வருவதற்குள் ஓர் எண் அந்தக் குடும்பத்துக்கே மனப்பாடமாகியிருக்கும். எக்ஸ்ரேயில் வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் அதிகம் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகளை வைத்து அளக்கும் கோணம் அது. கோப் கோணம் என்போம். 10 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது. பதின்வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் காரணம் தெரியாது. புத்தகப்பையோ, உட்காரும் விதமோ இதை உண்டாக்குவதில்லை.

அந்த எண் முக்கியம்தான். வளர்ச்சி பாக்கியிருக்கும் பிள்ளைக்கு 25 டிகிரியைத் தாண்டினால், வளைவு கூடாமல் தடுக்க உடம்பைச் சுற்றிப் போடும் பெல்ட் (பிரேஸ்) பற்றியும், 45, 50-ஐ எட்டினால் அறுவைசிகிச்சை பற்றியும் மருத்துவர் பேசுவார். ஆனால் ஒரே எக்ஸ்ரேயை இரண்டு பேர் அளந்தாலே சில டிகிரி வித்தியாசம் வரும். 22 இருந்தது 24 ஆகிவிட்டது என்று தூக்கம் கெட வேண்டாம்.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்பதை அந்த எண் சொல்லாது. 40 டிகிரிக்கு மேல் வளைவுள்ள ஒரு பெண் கபடிப் பயிற்சி முடித்து வியர்வையோடு வந்து நிற்பாள். 20-ஐக் கொஞ்சம் தாண்டிய இன்னொருத்தி கோடையிலும் துப்பட்டாவை இறுக்கிப் பின் குத்திக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் அம்மாவைப் பார்ப்பாள். ஸ்கோலியோசிஸ் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை அறிய எஸ்ஆர்எஸ்-22 என்று 22 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. வலி, அன்றாட வேலை, தன் உருவம் பற்றிய எண்ணம், மனநிலை, சிகிச்சையில் திருப்தி எல்லாம் அதில் வரும். அந்த மதிப்பெண்ணும் கோணமும் எப்போதும் சேர்ந்து ஏறி இறங்குவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கண்ணாடி முன் நிற்கும்போது மனதில் ஓடுவதை எக்ஸ்ரே படம்பிடிக்காது.

பெல்ட் விஷயத்தில் நானே தவறியிருக்கிறேன். அது பலன் தருவது உண்மை. 2013-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், பெல்ட் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. போடாதவர்களில் அது 48 சதவீதம். அதிக நேரம் போட்டவர்களுக்குப் பலனும் அதிகம். இதையெல்லாம் ஒரு மாணவிக்கு விளக்கமாகச் சொல்லி அனுப்பினேன். பள்ளிக்குப் போனதும் கழிப்பறையில் கழற்றிப் பையில் திணித்துவிடுகிறாள் என்று மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. சீருடைக்குள் புடைத்துத் தெரிகிறதாம். வகுப்பில் யாரோ தட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நான் மணிநேரத்தைக் கேட்டேனே தவிர, பள்ளியில் எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்கவில்லை. அப்புறம் ஒரு சுற்றுப் பெரிய சீருடை, உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியன், வகுப்பாசிரியரிடம் ஒரு பேச்சு என்று மாற்றினோம். அதன்பிறகுதான் பெல்ட் உடம்பில் நின்றது.

இப்போது கொஞ்ச நேரமாவது பிள்ளையிடம் தனியாகப் பேசுகிறேன். அம்மா பக்கத்தில் இருக்கும்போது வராத பதில்கள் அப்போது வருகின்றன. "எனக்குக் கல்யாணம் ஆகாதுன்னு பாட்டி சொன்னாங்க" என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை சொல்லிக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து வீட்டில் இந்தப் பேச்சை நிறுத்துங்கள். "நிமிர்ந்து நில்லு" என்று நாள் முழுக்கச் சொல்வதையும்தான். நிமிர்ந்தால் சரியாகிவிடும் வளைவு இல்லை இது. நடனத்தையும் விளையாட்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

பத்து வயது தாண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால், கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.