களி உருண்டையும் பனிக்கடலும்

மார்கழி விடியலில் பெரியப்பாவின் கிணறு புகையும். வேலூரிலிருந்து அமிர்தி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த நிலம். வரப்புப் புல்லெல்லாம் பனி கோத்து நிற்கும். மோட்டாரைப் போட்டதும் தொட்டியில் விழும் தண்ணீர் மட்டும் வெதுவெதுவென்று இருக்கும். அதே தண்ணீர் கத்திரி வெயிலில் சில்லென்றிருக்கும். பூமாதேவிக்குத் தெரியும், யாருக்கு எப்போது எது வேண்டுமென்று, என்பார் பெரியப்பா.

பூமாதேவி எதையும் மாற்றுவதில்லை. பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை, அந்த ஊர்க் காற்றின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நின்றுவிடுகிறது. வேலூர்ப் பக்கம் அது ஏறக்குறைய 28 டிகிரி செல்சியஸ். ஊற்று நீர் எந்த மாதத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுற்றியுள்ள காற்றுதான் மாறுகிறது, அதற்கேற்ப நம் தோலும். தோலை வெப்பமானி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது உடம்பிலிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று சொல்லும் கணக்குப்பிள்ளை.

அந்த 28 டிகிரித் தண்ணீரிலேயே நாங்கள் நாள் பாதி கிடந்திருக்கிறோம். இடுப்பில் கயிறு, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, மேலே திட்டிக்கொண்டே கயிற்றைப் பிடித்திருக்கும் பெரியப்பா. இரண்டு மணி நேரம் கழித்து மேலே வந்தால் உதடு கருநீலமாகி, பல் தந்தியடிக்கும். அதுவும் மே மாதத்தில், வேலூரில்! நீரில் அசையாமல் இருக்கும் மனித உடம்பு தன் சூட்டை இழக்காமல் இருக்க, அந்த நீர் 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே எந்த நீரானாலும் கணக்கில் பற்று விழுந்துகொண்டேதான் இருக்கும்.

அப்படியானால் 4, 5 டிகிரி நீரில் ஒருவர் இரண்டு மணி நேரம் நீந்தினார் என்றால்?

அவர் பெயர் லின் காக்ஸ். 1957இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். 1972இல், 15 வயதில், ஆங்கிலக் கால்வாயை 9 மணி 57 நிமிடத்தில் கடந்தார். அதற்குமுன் ஆணோ பெண்ணோ எவரும் அவ்வளவு விரைவாகக் கடந்ததில்லை. ஆனால் அவர் பெயர் நிலைத்தது வேகத்தால் அல்ல. அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் நடுவே பெரிங் நீரிணையில் இரண்டு சிறு தீவுகள் இருக்கின்றன: சின்ன டயமீட் அமெரிக்காவுக்கு, பெரிய டயமீட் அன்றைய சோவியத் ஒன்றியத்துக்கு. நடுவில் நாலு கிலோமீட்டர் கூட இல்லை. அந்த நாலு கிலோமீட்டருக்கு அனுமதி கேட்டுப் பதினோரு ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1987 ஆகஸ்ட் 7 அன்று, சாதாரண நீச்சலுடையில், தொப்பியும் நீச்சல் கண்ணாடியும் மட்டும் அணிந்து இறங்கினார். மூடுபனி. பக்கத்தில் தோல் படகுகளில் துணைக்கு வந்தவர்கள். நீர் 3 முதல் 7 டிகிரி. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆனது. நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு ஓடுவதால், வெள்ளிக்கிழமை கிளம்பியவர் சனிக்கிழமைக் கரையில் ஏறினார். அந்த ஆண்டு டிசம்பரில் வாஷிங்டனில் ஏவுகணை ஒப்பந்தத்துக்காக வந்த கோர்பச்சேவ், விருந்தில் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

இதைச் சொல்பவர்கள் எல்லாரும் உடனே 'மனவலிமை' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனவலிமை உள்ளவர்கள் குளிர்நீரில் நிறையப் பேர் இறந்திருக்கிறார்கள். என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் நம் வட ஆர்க்காட்டுக் களி உருண்டையிலிருந்து தொடங்குவதே நல்லது.

அடுப்பிலிருந்து இறக்கிக் கிண்டி உருட்டி வைத்த கேழ்வரகுக் களியைக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். மேலே ஆறி, ஆடை கட்டியதுபோல் இறுகியிருக்கும். அதை நம்பி நடுவில் விரலை விட்டவன் அலறுவான். மனித உடம்பும் குளிரில் இப்படித்தான் இரண்டாகப் பிரிகிறது. மூளை, இதயம், நுரையீரல், ஈரல் இருக்கும் நடுப்பகுதி 37 டிகிரியில் இருந்தே தீர வேண்டும். அது 35க்குக் கீழே போனால் மருத்துவர்கள் அதை நோய்நிலை என்கிறார்கள். தோல், கொழுப்பு, கை, கால் ஆகியவை ஓடு. குளிர் பட்டதும் ஓட்டுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ஓட்டை ஆறவிட்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறது உடம்பு.

நீருக்கு எதிராக இது எளிதல்ல. காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஒரே கொள்ளளவை எடுத்துக்கொண்டால், காற்று ஒரு டிகிரி சூடாவதற்குத் தேவைப்படும் வெப்பத்தைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல் நீருக்கு வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் சுமார் 100 வாட் வெப்பம் தருகிறார், பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. நடுக்கம் வந்தால் அது நான்கைந்து மடங்காகிறது. கடுமையாக நீந்தினால் பத்து மடங்கு வரைகூடப் போகும். அதில் உடம்பை முன்னே தள்ளப் பயன்படுவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை, மீதியெல்லாம் சூடாகிறது. மோசமான இயந்திரம். ஆனால் பனிக்கடலில் அந்த மோசம்தான் உயிரைக் காக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். கை கால் அசைத்தால் சூடு பிறக்கும் என்பது சரி. அசைத்தால் தோலை ஒட்டி இலேசாகச் சூடேறி நின்ற நீரும் கலைந்து, புதிய குளிர்நீர் வந்து ஒட்டும். சூடு தணியக் காபியை ஆற்றிக் குடிப்பதைப் போலத்தான். ஒல்லியானவர்களுக்குக் குளிர்நீரில் அசைவதால் வரவைவிடச் செலவே அதிகம். அசையாமல் கிடப்பவரைவிட அவர்கள் விரைவில் குளிர்ந்துபோகிறார்கள். கொழுப்புப் போர்வை உள்ளவருக்குக் கணக்கு தலைகீழ். லின் காக்ஸை ஆராய்ந்தவர்கள் கண்டது இதுதான்: உடம்பு முழுவதும் சீராகப் பரவிய கொழுப்பு, ஓட்டுக்குப் போகும் இரத்தத்தை இறுக அடைக்கும் திறன், விடாமல் ஒரே வேகத்தில் சூடு உண்டாக்கும் தசை. நீரில் மூழ்கவும் மாட்டார், மிதக்கவும் மாட்டார், நடுவில் நிற்பார் என்கிறார்கள். பள்ளியில் அவரைக் குண்டு என்று யாரேனும் கேலி செய்திருந்தால், பெரிங் நீரிணை அதற்கு நல்ல பதில்.

அவரைச் சோதித்தவர்களில் ஒருவரான வில்லியம் கீட்டிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர், ஐஸ்லாந்து மீனவர் ஒருவரையும் சோதித்தார். 1984 மார்ச்சில் படகு கவிழ்ந்து, கூட இருந்த நால்வரும் இறந்துபோக, 5, 6 டிகிரிக் கடலில் ஐந்தாறு மணி நேரம் நீந்திக் கரை சேர்ந்த குட்லௌகுர் ஃபிரித்தோர்சன் அவர். அவருடைய தோலுக்கடியிலும் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தடித்த கொழுப்பு.

ஆனால் குளிர்நீர் பெரும்பாலானவர்களைக் கொல்வது உடம்பு குளிர்ந்து அல்ல. அதற்கு அரை மணிக்கு மேல் ஆகும். கொல்வது முதல் நிமிடம். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென்று விழுந்தால் தோலில் உள்ள குளிர் உணரிகள் ஒரே நேரத்தில் கத்துகின்றன. நம்மைக் கேட்காமலே வாய் திறந்து ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கும். பிறகு மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும், இதயம் குதிக்கும், இரத்த அழுத்தம் ஏறும். அந்த முதல் இழுப்பு நீருக்கடியில் நடந்தால் கதை முடிந்தது. இன்னொரு தொல்லையும் உண்டு. முகத்தில் குளிர்நீர் பட்டால் இதயத்தை மெதுவாக்கும் கட்டளை ஒன்று போகிறது; தோலின் குளிரோ வேகமாக அடி என்கிறது. இரண்டு முதலாளிகளிடம் வேலை பார்ப்பவனைப் போல இதயம் தடுமாறி, தாளம் தப்பலாம்.

மனவலிமைக்காரர்களுக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் இது ஒன்றுதான், அதுவும் பாதி. இந்த அதிர்ச்சியைப் பழக்கத்தால் குறைக்கலாம். குளிர்நீரில் இரண்டு மூன்று நிமிடங்கள் வீதம் ஐந்தாறு முறை இறங்கினாலே அது ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. பழகிய உடம்பு பல மாதங்களுக்கு அதை மறப்பதும் இல்லை. 1958இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியர் மிஹிர் சென், 1994இல் கடந்த நம் ஈரோட்டுக் குற்றாலீசுவரன் எல்லாரும் வெப்பநாட்டில் வளர்ந்தவர்கள். பாக் நீரிணையின் நீர் பெரியப்பா கிணற்றைப் போன்றது. கால்வாயின் நீரோ கோடையிலும் 15 முதல் 18 டிகிரிதான். நீந்தத் தெரிந்த தமிழனுக்கு அங்கே புதிதாகக் கற்க வேண்டியது கைவீச்சு அல்ல, அந்த முதல் மூச்சு.

முதல் நிமிடம் தாண்டினால் அடுத்தது கை. இதை நானே பார்த்துவிட நினைத்தேன். போன மே மாதம், வெளியே 41 டிகிரி கொளுத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், மீன் மார்க்கெட்டில் ஐஸ் கட்டி வாங்கி வந்து எவர்சில்வர் அண்டாவில் உடைத்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி, இடது கையை முழங்கை வரை விட்டேன். (இதய நோயோ சர்க்கரையோ உள்ளவர்கள் செய்ய வேண்டாம்.) முதல் நிமிடம் எலும்புக்குள் யாரோ திருகுவதுபோல் வலி. மூன்றாவது நிமிடம் வலி மங்கியது, கையே என்னுடையது இல்லை என்றானது. ஐந்தாவது நிமிடம் வெளியே எடுத்துச் சட்டைப் பொத்தானைப் போட முயன்றேன். பொத்தான் தெரிகிறது, விரல் தொடுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. சுண்டுவிரல் தனியாக விலகி நின்றது. கட்டைவிரலோடு அதைச் சேர்க்க முடிகிறதா என்று பார்ப்பது குளிர்நீர் நீச்சல்காரர்களின் சோதனை, நான் தோற்றுப்போனேன். குளிர்ந்த நரம்பில் செய்தி மெதுவாக ஓடுகிறது, குளிர்ந்த தசை இறுகி மந்தமாகிறது. உள்வெப்பம் சரியாக இருக்கும்போதே நீச்சல் தெரிந்தவர்கள் மூழ்குவது இதனால்தான்: பத்துப் பதினைந்து நிமிடத்தில் கை துடுப்பாக இருக்க மறுத்து, கொக்கிபோல் வளைந்துவிடுகிறது.

அந்த வளைந்த கையைப் பார்த்தபோது வேலூர்க்காரனான எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் வளைந்துபோன கைகளை, நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். பக்கத்துக் கரிகிரியிலும் அந்தப் பணி வளர்ந்தது. தொழுநோய்க் கிருமி உடம்பின் நடுச்சூட்டை விரும்புவதில்லை. அதற்குப் பிடித்தது 30 டிகிரி சுற்றிய குளிர்ந்த இடங்கள். மூக்கு, காதுமடல், தோலை ஒட்டி ஓடும் நரம்புகள். முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று மின்சாரம் பாய்கிறதே, அந்த நரம்பு முக்கியமான ஒன்று. ஓடு உள்ளைவிடக் குளிர்ச்சியானது என்ற ஒரே உண்மைதான் அங்கே கிருமிக்கு வழிகாட்டுகிறது, இங்கே கடலுக்கு. கடல் வளைத்த கை சூடேறினால் நிமிரும். அந்த வேறுபாடு சிறியதல்ல.

காக்ஸ் 2002 டிசம்பரில் அண்டார்டிகாவில் 0 டிகிரி நீரில் ஒரு மைலுக்கு மேல் நீந்தினார், 25 நிமிடம். 2015 ஜனவரியில் நம் பக்தி சர்மா அதே கண்டத்தின் 1 டிகிரி நீரில் 41 நிமிடம் நீந்தி அதைத் தாண்டினார். 2007இல் வட துருவத்தில் லூயிஸ் பியூ ஒரு கிலோமீட்டரை 18 நிமிடம் 50 விநாடியில் கடந்தபோது நீர் −1.7 டிகிரி, உப்பு இருப்பதால் மட்டுமே அது உறையாமல் இருந்தது. பியூவைப் பற்றிய விசித்திரம் ஒன்று: நீரில் இறங்குவதற்கு முன்பே அவர் உள்வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுகிறது. கூடவே இருந்து அளந்த டிம் நோக்ஸ் என்ற தென்னாப்பிரிக்க விஞ்ஞானி, வரப்போகும் குளிரை எண்ணியே உடம்பு முன்கூட்டிச் சூட்டைச் சேமிக்கிறது என்றார். மணியோசை கேட்டதும் வாயூறும் நாயைப் போல. வேலூரில் நமக்கு முன்கூட்டி வியர்க்கிறது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பிறகு, ஆபத்து கரையில் காத்திருக்கிறது. நீரை விட்டு ஏறியவரின் உள்வெப்பம் உடனே உயர்வதில்லை. இன்னும் பத்து இருபது நிமிடங்களுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். களியைத் தட்டிலிருந்து எடுத்துச் சூடான பாத்திரத்தில் வைத்தாலும், ஆறிய ஓடு நடுவிலிருந்து சூட்டை உறிஞ்சுவது உடனே நிற்பதில்லை அல்லவா, அப்படி. சிரித்துக்கொண்டே ஏறி, பேட்டி கொடுத்து, அதன்பின் சுருண்டு விழுந்தவர்கள் உண்டு. ஆகவே ஈரத்தைக் களைந்து, உலர்ந்த துணியில் சுற்றி, காற்றுப் படாமல் வைத்து, நடுங்கவிடுகிறார்கள். ஓட வைப்பதில்லை, கை காலைத் தேய்ப்பதில்லை.

பெரிய டயமீட் கரையில் சோவியத் ஆட்கள் போர்வைகளோடு நின்றிருந்தார்கள். எங்கள் கிணற்றடியில் பாட்டி பருத்தித் துண்டோடு நிற்பாள். தலையைத் துவட்டி, முதுகைப் போர்த்தி, நொய்க்கஞ்சி டம்ளரைக் கையில் திணித்துவிட்டு, அடுப்பங்கரைப் பக்கம் போகவிடாமல் வெயிலில் திண்ணையில் உட்கார வைப்பாள். டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு குடிப்போம். சுண்டுவிரல் மட்டும் தள்ளியே நிற்கும்.