பாதரசச் சாமானை எங்கே கொடுப்பது? பாலக்காட்டு எல்லைக்காரர்களுக்கு

உடைந்த தெர்மாமீட்டர், டியூப்லைட், சி.எஃப்.எல். பல்பு ஆகியவை திடக்கழிவு மேலாண்மை விதிகளில் பெயர் சொல்லி எழுதப்பட்ட வீட்டு அபாயக் கழிவுகள். தாத்தா காலத்து பி.பி. கருவியையும் இதோடுதான் சேர்க்க வேண்டும். இவற்றை வாங்கிக்கொள்வது உள்ளாட்சியின் வேலை. சட்டம் இவ்வளவுதான், அலைச்சல் இனிமேல்தான்.

சித்தூர் தாலுகாவில் பஞ்சாயத்துப் படியேறிக் கேட்டால், "மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போங்க" என்பார்கள். பாலக்காடு வரை பஸ் ஏறிப் போனால், "வீட்டுச் சாமான்தானே, பஞ்சாயத்திலேயே கொடுங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். இப்படி அலைந்த பெரியவர்கள் கடைசியில் வாய்க்காலில் வீசிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். வாரியத்துக்குப் போகவே போகாதீர்கள். பஞ்சாயத்து அல்லது நகராட்சிச் செயலாளர் பெயருக்கு மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாயால் கேட்டதற்கு எந்த ஆபீசிலும் பதிவு கிடையாது.

"மலையாளத்தில் எழுதிக் கொண்டுவா" என்றால் மசியாதீர்கள். சித்தூர் தாலுகா போன்ற மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் மனு கொடுக்கலாம், பதிலும் தமிழில் தர வேண்டும். 1969-ம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தந்த உரிமை இது. பதிலே வராவிட்டால், அபாயக் கழிவை எங்கே, எந்த நேரத்தில் வாங்குகிறீர்கள் என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பி.பி. கருவி கிளினிக்கில் இருந்தது என்று வாய்விட்டால் அது மருத்துவக் கழிவு விதிக்குள் போய்விடும், பஞ்சாயத்து கைகழுவிவிடும். வீட்டில் பயன்படுத்தியது என்றால் அதை மனுவிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

வீடு வீடாக வந்து கழிவு எடுக்கும் ஹரித கர்ம சேனைச் சேச்சிமாரிடம் இவற்றைப் பிளாஸ்டிக் சாக்கோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். அது உடைந்தால் அந்த ஆவியை மூச்சில் வாங்குவது அவர்கள்தான். தனி டப்பாவில் மூடி, மேலே "பாதரசம்" என்று எழுதி, சொல்லிவிட்டுக் கொடுங்கள். பழைய விளையாட்டு மெஷின்கள் சிலவற்றில் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் வெள்ளியாய் ஓடும் சுவிட்ச் இருக்கும். அதைப் பிடுங்காமல், மெஷினை முழுசாக மின்கழிவாகவே கொடுக்க வேண்டும்.

பாதரசம் தரையில் சிந்திவிட்டால் துடைப்பம் போடாதீர்கள், மணிகள் இன்னும் சிதறும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, தங்க மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கையுறை போட்டுத் தடித்த அட்டையால் ஒன்றுசேர்த்து மூடி போட்ட பாட்டிலில் எடுங்கள். சிங்க்கில் கழுவக் கூடாது. தெர்மாமீட்டரில் சிவப்பாக இருந்தால் அது சாயம் போட்ட ஆல்கஹால்தான், பயம் வேண்டாம்.

பழைய டிவி, ரேடியோவில் "சிவப்புப் பாதரசம்" இருக்கிறது, லட்சக்கணக்கில் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி ஒரு பொருளே கிடையாது, முன்பணம் கறக்கும் வேலை அது.