கரையில் கிடந்தும் கண்ணில் படாத மீன்

முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை யாரோ வெட்டிக்கொண்டு போன மாதிரி இருக்கும் சூரிய மீன். தாம்பாளம் போலத் தட்டையான உடம்பு, மேலே ஒரு துடுப்பு, கீழே ஒரு துடுப்பு. வால் கிடையாது. முதுகுத் துடுப்பின் கதிர்களும் அடித் துடுப்பின் கதிர்களும் பின்னால் நீண்டு, வால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விளிம்பாகச் சேர்ந்துவிடுகின்றன. அதற்குக் கிளாவஸ் என்று பெயர். நம் கதை அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் மர்டோக் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த மரியான் நைகார்ட், மீன்பிடிக் கப்பல்களில் சிக்கிய சூரிய மீன்களின் தோல் துணுக்குகளைச் சேகரித்தார். 150-க்கும் மேற்பட்ட துணுக்குகள். டிஎன்ஏவைப் படித்தபோது அவை நான்கு கூட்டங்களாகப் பிரிந்தன. மூன்று, ஏற்கெனவே தெரிந்த இனங்கள். நான்காவது எது? ஜப்பானிய ஆய்வாளர்களும் 2009-இல் இப்படியொரு பெயரில்லாத கூட்டத்தைக் குறித்துவைத்திருந்தார்கள்.

தோல் துணுக்கு இதை எப்படிச் சொல்கிறது? செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புக்கென்று தனியாக ஒரு சின்ன டிஎன்ஏ உண்டு. ஒரே செல்லில் ஏகப்பட்ட பிரதிகள் இருப்பதால் நகக்கண் அளவு சதையே போதும். அதில் டி-லூப் என்ற பகுதி எந்தப் புரதத்துக்கும் செய்முறை வைத்திருப்பதில்லை. அங்கே டிஎன்ஏவின் எழுத்து வரிசையில் பிழை விழுந்தாலும் பெரும்பாலும் மீனுக்கு நஷ்டமில்லை. பிழை அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகும். ஒரே இனத்து மீன்களிடம் இந்தப் பிழைகள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். வெகுகாலம் கலக்காமல் பிரிந்துபோன இனங்களிடம் வேறுவேறாகக் குவிந்திருக்கும். யார் யாருக்குச் சொந்தம் என்று பிழைகளை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். இந்த டிஎன்ஏ தாய்வழியில் மட்டும் வருவது; அப்பா யார் என்று அதற்குத் தெரியாது. அதோடு, எழுத்து வரிசையைக் காட்டி "புது மீன்" என்றால் அதைக் கடலில் எப்படி அடையாளம் காண்பது? முழு மீன் வேண்டும். இவ்வளவு பெரிய மீனை எந்த அருங்காட்சியகமும் ஆசையாக வாங்கி வைப்பதில்லை. வளர வளர உருவமும் மாறுகிறது என்பதால், குட்டியையும் கிழத்தையும் ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் நிறைய.

2014-இல் நியூசிலாந்தின் ஒரு கடற்கரையில் நான்கு சூரிய மீன்கள் ஒதுங்கின. நைகார்ட் விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கார் விளக்கு வெளிச்சத்தில்தான் பெயரில்லாத அந்த நான்காவது மீனை முதன்முதலாகப் பார்த்தார். மோலா மோலா என்ற பழைய இனம் பெரிதாகும்போது கிளாவஸ் விளிம்பு அலையலையாக நெளியும், மூக்கு முன்தள்ளும். மோலா அலெக்சாண்ட்ரினி என்ற இன்னொரு இனத்துக்குத் தலையிலும் தாடையிலும் புடைப்பு வரும். இதற்கு இவை எதுவும் இல்லை. வளர்ந்த பிறகும் வழவழவென்று ஒல்லியாகவே இருக்கிறது. கிளாவஸின் நடுவில் மட்டும் வளைந்துகொடுக்கும் தோல்பட்டை ஒன்று ஓடி, விளிம்பை மேல் கீழ் என்று இரண்டாகப் பிரிக்கிறது.

மொத்தம் 27 மீன்களை ஆராய்ந்த பிறகு, 2017-இல் மோலா டெக்டா என்று பெயர் வைத்தார்கள். டெக்டா என்றால் லத்தீனில் மறைந்தது. பொருத்தமான பெயர்தான், மறைய ஒரு முயற்சியும் எடுக்காமலே மறைந்திருந்த மீன்.

அப்புறம் 2019 பிப்ரவரியில், கலிபோர்னியாவின் சான்டா பார்பரா அருகே ஒரு சூரிய மீன் ஒதுங்கியது. படம் எடுத்து இணையத்தில் போட்டவர்கள் மோலா மோலா என்றே நினைத்தார்கள். தென்கோளத்து மீன் அங்கே எதற்கு வரப்போகிறது என்று நைகார்டுக்கும் தயக்கம். சில இடங்களைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொன்னார். தேடிப் போனவர்கள், அலை சற்றுத் தள்ளி ஒதுக்கியிருந்த அதே மீனைக் கண்டுபிடித்து, படங்களோடு ஒரு சதைத் துணுக்கும் எடுத்தார்கள். டிஎன்ஏ முடிவு வரும்வரை நைகார்ட் காத்திருக்கவில்லை. படங்களைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், அது மோலா டெக்டா.