விட்ஜெட் ராப்பர்: சொல் விளக்கம்

வேறொருவர் எழுதிய நாட்காட்டியையோ வரைபடத்தையோ தேர்வுப் பட்டியலையோ ரியாக்ட், வியூ போன்ற, இணையச் செயலிகளைக் கட்ட உதவும் சட்டகங்களில் எழுதிய செயலிக்குள் கொண்டுவர வேண்டியிருக்கும். அதை அப்படியே பக்கத்தில் வைக்காமல், சட்டகத்தின் மொழியிலேயே சிறு கூறு (காம்பொனென்ட்) ஒன்றை எழுதி அதனுள் வைப்பார்கள். அந்த இடைக்கூறுதான் நிரலர் வழக்கில் 'விட்ஜெட் ராப்பர்'.

'விட்ஜெட்' பொருளில்லாமலே பிறந்த சொல். 1924இல் நியூயார்க்கில் மேடையேறிய ஓர் அமெரிக்க நாடகத்தில் பணக்காரக் குடும்பம் ஒன்று விட்ஜெட் தயாரித்து விற்கிறது. அது எதற்கு உதவும் பொருள் என்று கேட்கக் கூடாது, நகைச்சுவையே அதுதான். 'கேட்ஜெட்' என்ற சொல்லைத் திரித்து உருவாக்கியிருக்கலாம் என்று அகராதிகள் கருதுகின்றன. பிறகு பொருளியல் பாடநூல்கள் பெயரில்லாத எந்தச் சரக்குக்கும் இதை மாதிரிப் பெயராக வைத்துக்கொண்டன.

கணினித் திரையில் தெரியும் பொத்தான், பட்டியல் போன்றவற்றுக்கு இந்தப் பெயரைக் கொண்டுவந்தவர்கள் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் அதீனா என்ற கணினித் திட்டத்தினர். திரை இடைமுகங்களைக் கட்ட உதவும் எக்ஸ் டூல்கிட் என்ற நிரல் தொகுப்பைப் பற்றி 1988இல் எழுதிய கட்டுரையில் ரால்ஃப் ஸ்விக்கும் மார்க் ஆக்கர்மனும் காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறார்கள்: பழகிய மற்ற சொற்களெல்லாம் பொருந்தாத பொருள்களைச் சுமந்துகொண்டிருந்தன. விண்டோவும் விட்ஜெட்டும் ஒரே முதலெழுத்தில் தொடங்குவது வசதியாகத்தான் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். தமிழில் எழுதினாலும் அந்த வசதி போகவில்லை!

'ராப்பர்' இவ்வளவு சுவாரசியமானது இல்லை. சுற்றி மூடுவது என்பதே அடிப்படைப் பொருள். ஆனால் நிரலாக்கத்தில் அது குழப்பம் தரும் சொல். வடிவமைப்பு வார்ப்புகளை (டிசைன் பேட்டர்ன்), அதாவது நிரலில் அடிக்கடி வரும் சிக்கல்களுக்கான பொதுத் தீர்வுகளைப் பற்றி 1994இல் நால்வர் எழுதிய புகழ்பெற்ற நூல், அடாப்டர், டெக்கரேட்டர் என்ற இரண்டு வேறு வார்ப்புகளுக்கும் ராப்பரையே மாற்றுப் பெயராகத் தருகிறது. முன்னது ஒரு பொருளின் இடைமுகத்தை, அதாவது பிற நிரல்கள் அதை அணுகும் வழியை, மாற்றுகிறது. பின்னது இடைமுகத்தை அப்படியே வைத்துக்கொண்டு புதிய பொறுப்புகளைச் சேர்க்கிறது. நாம் பேசும் ராப்பர் முன்னதன் உறவு.

தமிழில் என்ன சொல்வது? 'போர்வை' மறைப்பதோடு நின்றுவிடுகிறது. 'பொதி' என்பதை பேக்கேஜுக்குக் கொடுத்தாகிவிட்டது. 'உறை' என்பதே என் தேர்வு. கையுறை, தலையணை உறை, வாளுறை என்று அன்றாடம் புழங்கும் சொல் அது. உள்ளே இருப்பதை மாற்றாமல் தாங்கும். தேவைப்பட்டால் உள்ளிருப்பதை வெளியே எடுத்துவிடவும் முடியும். உறைதல் என்றால் தங்குதல் என்ற பொருளும் உண்டு. இரண்டுக்கும் வேர் ஒன்றா என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். வந்தவருக்குத் தங்க இடம் தருவதுதான் இந்தக் கூறின் வேலை என்பதால் அந்த ஒலியும் பொருந்தி வருகிறது.

பொருத்தத்தை ஓர் உண்மையான எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதிய 'சோசன்' என்ற தேர்வுப் பட்டியலை இணைக்கும் முறையை ரியாக்டின் பழைய ஆவணங்கள் விளக்கின. சோசன் இயங்கத் தொடங்கியதும், பக்கத்தில் இருக்கும் சாதாரணத் தேர்வுப் பட்டியலான 'செலக்ட்' உறுப்பை மறைத்துவிட்டு, அதற்கு அடுத்தாற்போல் தானே ஒரு புதிய உறுப்பை நட்டுவிடும். ரியாக்டுக்கு இது தெரியாது. தான் வைக்காத உறுப்பு பக்கத்தின் உறுப்புகளாலான தன் மரத்தில் நிற்பதால் அடுத்த புதுப்பிப்பில் தடுமாறக்கூடும். ஆகவே 'செலக்ட்' உறுப்பை 'டிவ்' என்ற வெற்றுப் பெட்டி உறுப்பு ஒன்றுக்குள் வைக்கச் சொல்கிறார்கள். ரியாக்டின் கணக்கில் அந்த டிவ்வுக்கு ஒரே பிள்ளை. உள்ளே சோசன் இன்னொன்றைச் சேர்த்தாலும் வெளியே எதுவும் கலையாது. உறை என்ற சொல் இங்கே உருவகமே இல்லை, அந்த டிவ்தான் உறை.

மதிப்பு வெளியிலிருந்து மாறினால் சோசனுக்கு அறிவிப்பதும், பயனர் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சேதியை வெளியே அனுப்புவதும் உறையின் பொறுப்பு. வெளியிலிருந்து மாற்றியதையே பயனர் மாற்றியதாக எண்ணித் திருப்பி அனுப்பும் நூலகங்களும் உண்டு. அங்கே முடிவில்லாத எதிரொலி கிளம்பும், கவனம் தேவை.

அதிகம் மறக்கப்படுவது கடைசி வேலை: கூறு திரையிலிருந்து நீங்கும்போது உள்ளே இருப்பதையும் அகற்றுவது. லீஃப்லெட் வரைபட நூலகத்தை ரியாக்டில் பயன்படுத்தியவர்கள் 'வரைபடக் கொள்கலன் ஏற்கெனவே தொடங்கப்பட்டுவிட்டது' என்று பொருள்படும் பிழைச்செய்தியைச் சந்தித்திருப்பார்கள். 2022இல் வந்த ரியாக்ட் 18, பிழைகளை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் கண்டிப்பு முறையில் (ஸ்ட்ரிக்ட் மோட்), உருவாக்கச் சூழலில் ஒவ்வொரு கூறையும் ஒருமுறை ஏற்றி, இறக்கி, மீண்டும் ஏற்றிப் பார்க்கும். இறக்கும்போது வரைபடத்தின் 'ரிமூவ்' முறையை அழைக்காவிட்டால், பழைய வரைபடம் குடியிருக்கும் டிவ்விலேயே இரண்டாவது வரைபடம் தொடங்க முயலும். ஒரே உறையில் இரண்டு வாள் இருக்க முடியாது என்ற பழமொழியைத்தான் லீஃப்லெட் தன் பாணியில் சொல்கிறது. கண்டிப்பு முறையையே அணைத்துவிடுவது பலர் எடுக்கும் குறுக்குவழி. செய்தி மறையும், அகற்றாமல் விட்டதால் வரும் நினைவகக் கசிவு அப்படியே இருக்கும்.

'தேர்ட் பார்ட்டி விட்ஜெட் ராப்பர் காம்பொனென்ட்' என்ற முழுத் தொடரையும் தமிழாக்குவோம். 'மூன்றாம் தரப்பு' வாகனக் காப்பீட்டின் வழியாக எல்லோருக்கும் பழகிவிட்டது, மாற்ற வேண்டாம். கூறு என்பது காம்பொனென்ட்டுக்கு வேண்டும் என்பதால் விட்ஜெட்டை 'இடைமுக உறுப்பு' எனலாம்; 'விட்ஜெட்' என்றே எழுதினாலும் குற்றமில்லை, ஆங்கிலத்திலேயே அது வெற்றுப் பெயர்தானே. ராப்பர் காம்பொனென்ட் 'உறைக்கூறு'. வினையாக வேண்டுமானால் 'உறையிடுதல்': மூன்றாம் தரப்பு விட்ஜெட்டை உறையிட்டுப் பயன்படுத்துக.

உலாவிக்கே உரிய தனிப்பயன் உறுப்புகளாக (கஸ்டம் எலிமென்ட்) எழுதப்பட்ட விட்ஜெட்டுகளுக்கு இந்தச் சொல் அவ்வளவாகத் தேவைப்படாது. 2024 டிசம்பரில் வெளியான ரியாக்ட் 19 அவற்றை முழுமையாக ஆதரிப்பதால், பெரும்பாலும் உறையில்லாமலே வைத்துவிடலாம்.