கல்ட் படம் என்றால் வழிபாட்டுப் படமா?

போன மாதம் தம்பியிடம் ஒரு படம் பார்க்கச் சொன்னேன். 1973இல் வந்த ‘த விக்கர் மேன்’. காணாமல்போன ஒரு சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்துக்கு அப்பால் உள்ள ஒரு தீவுக்குப் போகிறார் ஒரு போலீஸ்காரர். அங்கே எல்லோரும் சிரித்துப் பேசுகிறார்கள், பாடுகிறார்கள், ஒருவரும் உண்மை சொல்வதில்லை. அவன் படத்தைத் தேடிப் பிடித்து, கீழே தமிழில் இருந்த இரண்டு வரிக் குறிப்பைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தான். “அண்ணா, இது பக்திப் படமா? வழிபாட்டுத் திகில் திரைப்படம்னு போட்டிருக்கே?”

இதைக் கேட்பது முதல் தடவையாக இருந்தால் விட்டிருப்பேன். வழிபாட்டுப் படம், வழிபாட்டு கிளாசிக், வழிபாட்டு உன்னதம் என்று இந்தச் சொல் எத்தனையோ இடங்களில் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் ‘கல்ட்’ படம் என்பதைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். யாரும் பேசாத திகில் படங்களையும், பெரிய படத்தைப் பார்த்துக் கையில் இருக்கிற காசில் எடுத்த சாகசப் படங்களையும் தேடித் தேடிப் பார்க்கிறவன் நான். எனக்குப் பிடித்த படங்கள் எல்லாவற்றின் நெற்றியிலும் யாரோ திருநீறு பூசிவிட்டது போல இருக்கிறது. அதனால் இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் எழுதிவிடுகிறேன்.

‘கல்ட்’ லத்தீன் வழியாக வந்தது. ‘கொலெரே’ என்றால் நிலத்தை உழுதல், பேணுதல், குடியிருத்தல், தெய்வத்தைப் போற்றுதல். அதிலிருந்து ‘குல்துஸ்’, அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து முதலில் வழிபாடு, பிறகு சின்னதான, தனித்துப்போன மதக் கூட்டம் என்று பொருள் மாறியது. ‘கல்ச்சர்’, ‘அக்ரிகல்ச்சர்’ இரண்டும் இதே வேரில் கிளைத்தவைதான். பிறப்பு அவ்வளவே. சினிமாவுக்கு இந்தச் சொல் 1970களில் ஒட்டிக்கொண்டது.

அப்போது நடந்தது இதுதான். 1970 டிசம்பரில் நியூயார்க்கின் எல்ஜின் தியேட்டரில் ‘எல் தோப்போ’ என்ற படத்தை நள்ளிரவில் போடத் தொடங்கினார்கள். விளம்பரம் பெரிதாக இல்லை, வாய்வழிப் பேச்சிலேயே மாதக்கணக்கில் ஓடியது. 1975இல் ‘த ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ வந்து வழக்கமான காட்சிகளில் தோற்றுப்போனது, 1976 ஏப்ரலில் அதே நகரத்தின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்ட பிறகு நிலைமையே வேறு. திரும்பத் திரும்ப வந்தவர்கள் வசனங்களுக்கு நடுவே தங்கள் வசனத்தைக் கத்தினார்கள், கல்யாணக் காட்சியில் அரிசி வீசினார்கள், பாத்திரங்களைப் போலவே உடுத்திக்கொண்டு வந்தார்கள். புதிதாக உள்ளே வந்தவனுக்கு எதற்கு இந்தக் கூச்சல் என்று ஒன்றும் புரியாது. கல்ட் படம் என்றால் இது. பெருங்கூட்டம் கைவிட்டதை ஒரு சிறுகூட்டம் எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்வது.

இதில் வழிபாடு எங்கே இருக்கிறது?

‘வழிபாட்டுப் படம்’ என்று எழுதுகிறவர்கள் சொல்லும் நியாயம் எனக்குத் தெரியும். அகராதியில் கல்ட் என்றால் வழிபாடு என்று போட்டிருக்கிறது, ரசிகர்கள் அந்தப் படத்தைக் கும்பிடாத குறையாகக் கொண்டாடுகிறார்கள், ஆகவே சொல் பொருந்தும் என்பார்கள். அகராதியின் முதல் பொருளைத்தான் எடுக்க வேண்டும் என்றால் இன்னும் ஒரு படி பின்னால் போய் ‘உழவுப் படம்’ என்றே சொல்லலாமே, வேரில் அதுதானே இருக்கிறது? அதே வேரில் வந்த ‘கல்ச்சர்’ என்ற சொல்லுக்குத் தமிழ் கொடுத்தபோது நம்மவர்கள் எவ்வளவு அழகாக யோசித்தார்கள் என்று பாருங்கள். நிலத்தைப் பண்படுத்துவது, மனத்தைப் பண்படுத்துவது, பண்பாடு. கேட்டவுடன் ஒட்டிக்கொண்டது. அவர்கள் தமிழ்க் காதில் அது என்னவாக விழும் என்று பார்த்தார்கள். ‘வழிபாட்டுப் படம்’ போட்டவர் அகராதியைப் பார்த்ததோடு நிறுத்திவிட்டார்.

தமிழில் ‘வழிபாடு’ என்று முன்னால் வந்தால் பின்னால் வருவது அந்த வழிபாட்டுக்கு உரியதாகவே இருக்கும். வழிபாட்டு முறை, வழிபாட்டுத் தலம், வழிபாட்டுப் பாடல். அந்த வரிசையில் வழிபாட்டுப் படம் என்றால் ஒன்று சாமி படம், இல்லாவிட்டால் வழிபடுவதற்கு மாட்டிய படம். ரசிகன் படத்தை வழிபடுகிறான் என்ற பொருள் அந்தத் தொடரிலிருந்து யாருக்கும் தானாக வராது. விளக்கம் சொன்னால்தான் புரியும் என்றால் மொழிபெயர்த்து என்ன பயன்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ரகசிய மதக் கூட்டங்களைப் பற்றிய திகில் படங்கள் என்றே ஒரு பெரிய வகை உண்டு. பலி கொடுப்பவர்கள், மலையடிவாரத்தில் கூடுகிறவர்கள், ஊருக்குள் வந்தவனைத் திரும்பிப் போக விடாதவர்கள். அந்த வகைக்கு வழிபாடு என்ற சொல் உண்மையிலேயே தேவைப்படும். அதைக் கொண்டுபோய் எல்லாக் கல்ட் படத்துக்கும் ஒட்டிவிட்டால் அந்த வகைக்கு என்ன சொல்வது?

‘விக்கர் மேன்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கதை ஒரு தீவின் பழைய வழிபாட்டைப் பற்றியது. வெளியானபோது வெட்டிச் சுருக்கி, ‘டோன்ட் லுக் நவ்’ படத்தோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் காட்டும் துணைப்படமாகத்தான் பிரிட்டனில் விட்டார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் ஒரு சின்னக் கூட்டம் அதை விடாமல் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுவந்தது. ஆக ஒரே படத்தில் மூன்று சங்கதி: கதையில் வழிபாடு, வெளியீட்டில் துணைப்படம், பிற்கால வாழ்க்கையில் கல்ட். ‘வழிபாட்டுத் திகில் படம்’ என்ற குறிப்பு இதில் எதைச் சொல்கிறது? தற்செயலாகக் கதையைச் சொல்லிவிட்டது. எழுதியவர் சொல்ல வந்தது மூன்றாவதை. நாளைக்கு அதே ஆள் ‘ஏட்டோர்’ என்ற இத்தாலிய வாள்வீரன் படத்துக்கும் இதே சொல்லைப் போடுவார், அங்கே வாளும் மந்திரவாதியும் பெரிய சிலந்தியும்தான் இருக்கும்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? ‘விசிறிப் படம்’ என்று ஒரு நண்பர் சொன்னார். ‘ஃபேன்’ என்பதே ‘ஃபனாடிக்’ என்பதன் சுருக்கம், கோயிலைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் தொடங்கியது. அதைக் காற்று வீசும் விசிறி என்று எடுத்துக்கொண்டது தவறுதான். ஆனாலும் ‘நான் அவருடைய விசிறி’ என்றால் யாரும் பனையோலையை நினைப்பதில்லை, குழப்பம் இல்லாததால் அது பிழைத்துக்கொண்டது. ‘விசிறிப் படம்’ அப்படிப் பிழைக்காது, எந்த நட்சத்திரப் படத்துக்கும் விசிறிகள் உண்டு. ‘ஆர்வலர் படம்’ என்றால் போராட்டக்காரர்களைப் பற்றிய படம் என்று ஆகும். ‘பித்துப் படம்’ என்றால் மனநோய்க் கதை. ‘அடியார் படம்’ என்றால் மறுபடியும் கோயில் வாசலுக்கே வந்துவிடுவோம்.

நான் சொல்வது ‘குழூஉப் படம்’.

பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்குக் குழூஉக்குறி நினைவிருக்கும். நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பொற்கொல்லர் தங்களுக்குள் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள் என்று அதற்கு உதாரணம் காட்டுவார்கள். ஒரு கூட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விளங்குகிற பொருள் ஒன்று ஒரு சொல்லில் ஏறிக்கொள்கிறது. கல்ட் படத்தில் நடப்பதும் இதுதானே? வெளியே இருப்பவனுக்கு அது மோசமான ஒளிப்பதிவு, அட்டைச் சுவர், ரப்பர் பாம்பு. உள்ளே இருப்பவனுக்கு அந்த ரப்பர் பாம்பு வரும் நொடி மனப்பாடம், அதற்கு ஒரு பெயர் இருக்கும், அதைச் சொன்னால் இன்னொருவன் சிரிப்பான். வேவர்லி தியேட்டரில் கத்திய வசனங்கள் எல்லாமே குழூஉக்குறிதான். எண்ணூறு ஆண்டு பழைய இலக்கணச் சொல் இவ்வளவு கச்சிதமாகக் காத்திருக்கும்போது அகராதியைப் புரட்டிக் கும்பிடு போட வேண்டிய அவசியம் என்ன?

‘குழுப் படம்’ போதாதா, எதற்கு அந்த உகரம் என்று கேட்கலாம். குழுப் படம் என்றால் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட போட்டோ. ‘படம்’ என்ற சொல் தமிழில் இரண்டு வேலை செய்கிறது, அதனால் இங்கே கவனம் வேண்டும். ‘குழூஉ’ என்று எழுதினால் கண் ஒரு நொடி நிற்கும், இலக்கண வகுப்பு ஞாபகம் வரும், பொருளும் கூடவே வரும். வாயில் வர மறுக்கிறது என்பவர்கள் ‘கல்ட் படம்’ என்றே சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு வருத்தமில்லை. தப்பான தமிழைவிடத் தெரிந்த கடன்சொல் மேல். தூய தமிழ் வேண்டும் என்று நானும் நினைக்கிறேன், ஆனால் தூய்மை என்பது பொருளையும் சேர்த்துத்தான்.

இதே கதைதான் ‘இரண்டாம் தரப் படம்’ என்பதிலும். ‘பி மூவி’ என்பதற்கு இதைத்தான் போடுகிறார்கள். 1930களில் அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டினார்கள், முக்கியமான படம் ஏ, கூட வருவது பி. செலவு குறைவு, நீளம் குறைவு, அவ்வளவுதான். தரம் என்ற தீர்ப்பு அந்த எழுத்தில் இல்லை. ‘த லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ படத்தின் முக்கியப் படப்பிடிப்பை ரோஜர் கார்மன் இரண்டு நாளில் முடித்தார், 1960இல் வந்த அந்தப் படத்தை இன்றைக்கும் பார்க்கிறோம். ‘துணைப்படம்’ என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். பார்ப்பதற்கு முன்பே பார்வையாளனிடம் ‘இது மட்டம்’ என்று சொல்லும் உரிமையை மொழிபெயர்ப்பாளருக்கு யார் கொடுத்தது?

அப்புறம் ‘போலிப் படம்’. ஓடிய பெரிய படத்தைப் பார்த்து அதே பாணியில் எடுத்த படங்களுக்கு இந்தப் பெயரைப் போடுகிறார்கள். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். 1981இல் ‘ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்’ வந்து ஓடியது. அடுத்த வருஷமே இத்தாலியில் அன்டோனியோ மார்கெரித்தி, ஆண்டனி எம். டாசன் என்ற ஆங்கிலப் பெயரைப் போட்டுக்கொண்டு, ‘த ஹண்டர்ஸ் ஆஃப் த கோல்டன் கோப்ரா’ எடுத்தார். 1984இல் ‘தி ஆர்க் ஆஃப் த சன் காட்’. பெரிய செலவில் மற்றவர்கள் எடுப்பதை இவர் சின்னச் சின்ன மாதிரி உருவங்களை வைத்து எடுத்துவிடுவார். மேசைமேல் செய்த உலகம் என்று தெரிந்தும் மனம் அதோடு ஓடும், அந்தச் சுகம் வேறு எங்கும் கிடைக்காது. 1982இல் ‘கோனன்’ என்ற வாள்வீரன் படம் வந்தது, அதே வருஷம் ‘ஏட்டோர்’ வந்துவிட்டது. அதன் அடுத்த பாகத்தில் வாள்வீரன் ஹாங் கிளைடரில் பறந்து கோட்டைமேல் குண்டு போடுகிறான். துருக்கியில் அதே 1982இல் செதின் இனான்ச் எடுத்த படம், தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘உலகைக் காத்த மனிதன்’, ‘ஸ்டார் வார்ஸ்’ காட்சிகளையே துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, ‘ரெய்டர்ஸ்’ இசையையும் பின்னால் போட்டுக்கொண்டது. நாயகன் ஜுனெய்த் அர்கின் கால்களில் பாறையைக் கட்டிக்கொண்டு ஓடிப் பயிற்சி எடுப்பார். எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

இவற்றைப் போலி என்றால் கேட்கிறவன் காதில் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்றுதான் விழும். இலக்கணத்தில் போலி குற்றமில்லை, உண்மைதான். பந்தல் என்பது பந்தர் ஆவதும் அறம் என்பது அறன் ஆவதும் போலிதான், எழுத்து மாறினாலும் பொருள் கெடாது. அந்தப் பொருள் மட்டும் இன்று உயிரோடு இருந்தால் இந்தப் படங்களுக்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. ஆனால் வழக்கு அதை ஏமாற்று என்ற பக்கம் கொண்டுபோய்விட்டது. ‘நகல் படம்’ என்றால் திருட்டுப் பிரதி ஞாபகம் வரும். அதனால் ‘சாயல் படம்’ என்கிறேன். பிள்ளையின் முகத்தில் அப்பா சாயல் என்கிறோமே, யாரும் அதைத் திருட்டு என்பதில்லை. இத்தாலியர்கள் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்களை ‘ஃபிலோனே’ என்பார்கள், சுரங்கத்தில் தாது ஓடும் கோடு என்று பொருள். ஒருவனுக்கு அங்கே பொன் கிடைத்தால் எல்லோரும் அந்தக் கோட்டோடு தோண்டுவார்கள். அந்தச் சொல்லில் ஏளனம் இல்லை, தொழில் இருக்கிறது.

நம் மொழிபெயர்ப்பில் இல்லாதது அந்த மரியாதைதான். படத்தைப் பார்க்காமல் குறிப்பு எழுதுகிறார்கள், அல்லது இயந்திரம் கொடுத்ததை அப்படியே ஏற்றுகிறார்கள். ஒருவர் போட்டதை அடுத்தவர் எடுக்கிறார், பத்து இடத்தில் வந்த பிறகு ‘இதுதான் வழக்கு’ என்று நம்மிடமே திருப்பிச் சொல்கிறார்கள். ஒரே ஒரு தடவை அந்தத் தொடரை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும்.

தம்பிக்கு நானே ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். ‘1973. பிரிட்டிஷ் திகில் படம். ஒரு தீவின் பழைய வழிபாட்டைப் பற்றியது. வந்தபோது துணைப்படம், இன்று குழூஉப் படம். கடைசிப் பத்து நிமிஷம் யாரோடும் பேசாதே.’ மறுநாள் காலையில் போன் வந்தது. “அண்ணா, குழூஉன்னா குழூஉக்குறியில வர்ற குழூஉதானே?” என்றான்.